ஒரு நிலைப்படிக்கு ஒருத்தி

வீட்டுக்கார மாமி ஒருநாளும் "காலி பண்ணுங்கோ" என்று சத்தம் போட்டதில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான், தொண்டைக்குக் குறைவில்லை. மாமி மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, பூனையிடம் பேசுவது போலப் பேசுவார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு பெரியவா சும்மாவா சொல்லியிருக்கா," என்பார். அந்த வீட்டில் பூனை கிடையாது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பழைய வீடு. கீழே மாமி தனியாக இருந்தார். கணவர் போய்ப் பல வருடம். மாடியில் நானும் என் கணவரும். முன்வாசல் இரண்டு குடித்தனத்துக்கும் ஒன்றுதான். "சைவம்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வீட்டைக் கொடுத்தார். நாங்கள் சைவம்தான், என் கணவர் மருந்துக் கம்பெனி வேலையாக வெளியூர் போகும் நாட்கள் தவிர. பதினோரு மாத ஒப்பந்தம் ஆனியில் முடிந்தது. அதற்கு மேல் கிடையாது என்று மாமி சித்திரையிலேயே சொல்லிவிட்டார். புனேயிலிருந்து ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், சம்பந்தி வீட்டார் வந்து தங்குவார்கள், மாடி வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயம் முழுக்க மாமி பக்கம்தான். நாங்களும் தலையாட்டிவிட்டு அடையாறு பக்கம் வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

வைகாசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது.

இது இரண்டாவது. முதலாவதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் போன ஆவணியில் தி. நகரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சினோம், அட்டைப்பெட்டிகளைப் பிரித்தோம், பாதிப் பெட்டிகள் பிரியாமல் கிடக்கும்போதே ஒரு காலையில் பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்தேன். அதோடு போயிற்று. வீடு மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். திருவண்ணாமலையிலிருந்து என் மாமியார் போனில் சொன்னது வேறு. "வயித்துல புள்ளைய வச்சிகினு யாராச்சும் வூடு மாத்துவாங்களா? படிச்சவங்களாச்சே, உங்களுக்கு யாரு சொல்றது," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அம்மா இல்லை. அம்மா இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லி அதை எழுப்பி அனுப்பியிருப்பாள்.

ஆகவே இந்த முறை நான் நகரமாட்டேன் என்றேன். நகர்ந்தால் இந்தக் குழந்தையும் போய்விடும் என்று பயந்தேன். இதில் அறிவுக்கு வேலை இல்லை. பகுத்தறிவைப் பற்றி நானே பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். பயம் வந்து நிற்கும்போது அதெல்லாம் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்த மாதிரிதான். ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே சுவரில் சாய்ந்து நிற்பேன். அடுத்த முறை வரைக்கும்தான் அந்த நிம்மதி.

மாமியிடம் போய் அவகாசம் கேட்க வேண்டியது என் கணவர். மூன்று மாதம் முடியாமல் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதே! அதனால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் அவருக்குச் சாமர்த்தியம் போதாது. "தை வரைக்கும் இருந்துக்கறோம் மாமி, ஆபீஸ்ல மாத்தல் வரும்போல இருக்கு," என்று உளறிவிட்டு வந்தார். மாற்றல் வருகிறவன் ஏன் தை வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான் என்று எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார். மாமியும் யோசித்தார். அன்று சாயங்காலம் படியடியிலிருந்து குரல் வந்தது. "இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கறதுன்னு இதைத்தான் சொல்றது."

ஆடி வந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், போகச் சொல்லவும் மாட்டார்கள். அந்த ஒரு மாதம் பஞ்சாங்கம் எங்களுக்கு வக்கீல் வேலை பார்த்தது. கணவர் தெம்பாக இருந்தார். நான் மட்டும் மாமியின் இருமல் கேட்டாலே கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவேன். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் கீழே மாமியிடம் இருந்தது. மேல்தொட்டி காலியாகி, குழாய் காற்றை ஊதும். மாமி மறந்திருப்பாரா, வேண்டுமென்றே செய்கிறாரா என்று தெரியாது. கேட்கவும் தைரியம் வராது. தங்கக் கூடாத இடத்தில் தங்கியிருப்பவள் எந்த முகத்தோடு தண்ணீர் கேட்பாள்? காலைத் தரையில் அழுத்தாமல் நடக்கப் பழகினேன். பாத்திரத்தைச் சத்தம் வராமல் கழுவினேன். வாடகை கொடுத்துக்கொண்டே திருடி மாதிரி இருந்தேன்.

ஆவணியில் மகள் வந்தாள். புனேயில் வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு. அதே வாரம் நான் படியிறங்கும்போது மாமி என் வயிற்றை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரத்தம் வடிந்துபோன மாதிரி வெளுத்துப்போனார்.

"நீ முழுகாம இருக்கியா?"

"ஆமாம் மாமி. அதனாலதான்..."

"ஈஸ்வரா. ஒரே ஆத்துல ரெண்டு பேரா?"

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கர்ப்பிணிகள் இருக்கக் கூடாதாம். இருந்தால் ஒருத்திக்கு ஆகாதாம். என் மாமியார் இதைச் சொல்ல மறந்திருக்கிறார். அன்று போனில் கேட்டேன். "அய்யோ, ஆமாம்மா," என்றார். போனால் என் குழந்தை போகும், இருந்தால் இரண்டில் ஒன்று போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எறும்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மாமி தங்கள் வீட்டுப் புரோகிதரான வாத்தியாரைக் கேட்டார். நம் சாஸ்திரத்தில் பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே சாவியும் தொங்கும். கூரை ஒன்றானாலும் நிலைப்படி வேறாக இருந்தால் தோஷமில்லை என்றாராம் அவர். இருவரும் ஒரே நிலைப்படியைத் தாண்டக் கூடாது, பிரசவம் வரைக்கும் முகத்தோடு முகம் பார்க்காமல் இருந்தால் உத்தமம். வீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சுருள் படிக்கட்டு இருந்தது. அந்தக் காலத்தில் மாடிக் கக்கூசைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் வீட்டுக்குள் வராமல் ஏறுவதற்காக வைத்தது. "நீ அந்த வழியா வந்துட்டுப் போயிடும்மா. சம்பந்திகள் வந்தா கீழேயே தங்கட்டும். தை வரைக்கும் தாராளமா இருந்துக்கோ," என்றார் மாமி. தாராளம் என்ற சொல்லைக் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. யாரை வீட்டுக்குள் விடக் கூடாது என்று அந்தப் படியை வைத்தார்களோ, அந்த வரிசையில் இப்போது நான். ஆனாலும் சரி என்றேன். வீடு மாற்ற வேண்டாமே! பாதுகாப்பு என்று ஒன்றைக் காட்டினால் பயந்தவள் கிணற்றுக்குள்ளும் இறங்குவாள்.

அந்தப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் ஓர் இரும்புத் தூண், அதைச் சுற்றி முக்கோணத் துண்டுகளாகப் படிகள். உள்பக்கம் கால் விரல் வைக்கத்தான் இடம். வெளிப்பக்கம் பாதி தூரத்துக்குக் கைப்பிடிக் கம்பி இருக்கவில்லை. துரு பிடித்து ஓட்டையான இடத்தில் கீழே துணி துவைக்கும் கல் தெரியும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது தூணைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். வயிறு வளர வளரக் கால் வைக்கும் படி கண்ணுக்குத் தெரியாமல் போனது. இல்லாத ஆபத்திலிருந்து தப்பிக்க எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு நிஜமான ஆபத்தைத் தேடிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தேதான் தினமும் ஏறி இறங்கினேன்.

கணவர் ஒருநாள், "போலீஸ், வக்கீல்னு போனா அவங்களால நம்மள ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "முதல்ல அந்தப் படியில ஒரு தடவ வயித்துல தலைகாணியக் கட்டிக்கிட்டு ஏறிட்டு வந்து பேசுங்க," என்றேன். அதன்பின் காலையில் ஊரில் இருக்கும் நாட்களில் எனக்கு முன்னால் இறங்கி, நான் விழுந்தால் பிடிக்கத் தயாராகக் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

நவராத்திரியில் கீழே கொலு வைத்தார்கள். பட்டுப்புடவைகள் வந்து போயின, பாட்டுச் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட முடியாதே! ஆனால் கொலுவுக்கு ஒருத்தியைக் கூப்பிடாமல் விடுவதும் பாவமாயிற்றே. தினமும் இரும்புப் படியின் அடிப்படியில் ஒரு கிண்ணம் சுண்டலும் வெற்றிலை பாக்கும் குங்குமமும் மூடி வைத்திருக்கும். நான் இறங்கி எடுத்துவருவேன். குங்குமம் வைத்துக்கொள்வேன். ருசியான சுண்டல்தான். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

மகளை மேலிருந்து மட்டும் பார்த்திருந்தேன். கொடியில் துணி உலர்த்துவாள். ஒருநாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சட்டென்று பின்னால் நகர்ந்தேன். என்னால் அவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ, அவளால் எனக்கு ஆகிவிடுமோ. எதற்காகப் பயந்தேன் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்தினார். "இன்னாம்மா, தண்ணி இம்மாம் நிக்கிது, வண்டி உள்ள வந்தா ஆஃப் ஆயிடும். புள்ளத்தாச்சியா கீற, பாத்துப் போ," என்றார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சந்து வழியாகப் பின்பக்கம் போய்ப் படியேறினேன். பாதி வழியில், கைப்பிடி இல்லாத இடத்தில், செருப்பு வழுக்கியது. முழங்கால் இரும்பில் இடித்தது. தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். தலை சுற்றியது. மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. போன் பைக்குள். பையை எடுக்க ஒரு கையை விட வேண்டும். விட முடியவில்லை.

"மாமி!" என்றேன். பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை விழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. போச்சு, என்று நினைத்தேன். இந்த முறையும் போச்சு. இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் இந்தத் துருப்பிடித்த படியில் முடியப்போகிறது.

சமையலறையின் பின்கதவு திறந்தது. மகள். குப்பையைப் போட வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடையை வைத்துவிட்டு நேராகப் படியில் ஏற ஆரம்பித்தாள்.

"வராதீங்க! ஏறாதீங்க!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கோக்கா. அம்மா தூங்கிண்டிருக்கா," என்றாள், ஏதோ நாங்கள் இருவரும் திருட்டுத்தனமாக மாங்காய் பறிக்கிற மாதிரி. எட்டு மாத வயிறு. அவள் ஒவ்வொரு படியாக ஏற, படிக்கட்டு முழுதும் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குக் கீழ்ப்படியில் வந்து நின்று என் கணுக்காலைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது.

"உக்காருங்கோ. நின்னுண்டு இறங்க வேண்டாம். கொழந்தைகள் மாதிரி உக்காந்து உக்காந்து வரலாம்."

உட்கார்ந்தோம். அவள் ஒரு படி நகர்ந்தாள், நான் ஒரு படி நகர்ந்தேன். புடவை இரும்பில் மாட்டிக் கிழிந்தது. மழைத்தண்ணீர் முதுகில் வழிந்தது. அவள் விழுந்தால் என்ற நினைப்பு வந்ததும் என் வயிற்றின் இழுப்பே மறந்துபோனது. அதைவிடப் பெரிய பயம் அது. கீழே வந்து சேர்ந்தபோது பின்கதவில் மாமி நின்றிருந்தார்.

"உள்ள கூட்டிண்டு வராதேடி," என்றார். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன். இந்த நிலைப்படியில வேண்டாம்."

"சரி, அப்போ நானும் வெளியிலேயே நிக்கறேன்," என்று மகள் என் கையை விடாமல் மழையில் நின்றாள். கண்ணாடி வளையல்கள் நடுங்கின. அவளுக்குக் குளிர் வந்துவிட்டது. மாமி எங்கள் இரண்டு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கதவிலிருந்து விலகினார்.

அவர்கள் வீட்டுப் பாத்ரூமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரத்தம் இல்லை.

மறுநாள் மகள் சந்திலிருந்து இரும்புப் படிக்குப் போகும் பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் தாலிச்சரடில் இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டாள். நான் முன்வாசல் வழியாகப் போய்வந்தேன். யாரும் தடுக்கவில்லை. மாமி பூனையிடம் பேசுவதுகூட நின்றுவிட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மகள் தும்மினால் மாமி எங்கள் மாடியை நிமிர்ந்து பார்ப்பார். அவள் கால் வீங்கியது. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சொன்னார்களாம். என் குழந்தைக்காகப் பயந்தது போதாதென்று இன்னொருத்தியின் குழந்தைக்காகவும் பயப்பட ஆரம்பித்தேன். அவளுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் சில வாரம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழிருந்து மாமி என் கணவரைக் கூப்பிட்டார். இதற்கு முன் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. கணவர் ஓடிப்போய் வண்டி பிடித்துவந்து கூடவே போனார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஏறுவதற்கு முன் மாமி திரும்பி, மாடி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார், அந்தக் குழந்தையை விட்டுக்கொடுப்பது என் கையில் இருக்கிற மாதிரி.

மாமியார் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "வெளக்கேத்திக் கும்புடும்மா," என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீ ஒடனே அந்த வூட்ட வுட்டுக் கெளம்பிடு," என்றார்.

"வயித்துல புள்ளைய வச்சிகினு வீடு மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவரும் என்ன செய்வார்? அவரிடம் இருந்த விதிகள் தீர்ந்துவிட்டன.

விளக்கேற்றினேன். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு வேண்டிக்கொண்டால் அது அவளுக்கு எதிராகப் போய்விடுமோ என்று பயம். கடைசியில் அவள் குழந்தைக்கு மட்டும் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட உடனே என் குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று உடம்பெல்லாம் வியர்த்தது. கணவர் போனை எடுக்கவில்லை. உள்பக்க மாடிப்படியின் மேல்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து வாசல் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் மாமி தனியாக வந்தார். கைகால் கழுவினார். பிறகு என்னை நோக்கிப் படியேற ஆரம்பித்தார். முழங்கால் வலிக்காரர், நாங்கள் குடிவந்த பிறகு ஒருநாளும் மாடி ஏறியதில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

"பொண்ணு," என்றார். "எடை கொஞ்சம் கம்மி. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கா. பயமில்லைன்னுட்டார் டாக்டர். இவளும் நன்னா இருக்கா. உன் ஆத்துக்காரர் அங்கேயே இருக்கார்."

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

மாமி என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "கொழந்தையை ஆத்துக்கு அழைச்சுண்டு வரணும். பிள்ளைத்தாச்சி இருக்கற ஆத்துல பச்சை உடம்புக்காரி இருக்கலாமான்னு தெரியலை. வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"கேக்காதீங்க மாமி," என்றேன். "யாரையும் கேக்காதீங்க."

அவர் விரல் போனின் மேலேயே நின்றது.

"கேக்காம இருந்து ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். அதற்குப் பதில் இன்றைக்கும் தெரியாது. நகர்ந்து இடம் விட்டேன். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமி யாரையும் கேட்கவில்லை. தை மாதம் என் மகனைப் பெற்றெடுக்க நான் கிளம்பியபோது, முன்வாசல் நிலைப்படியில் என் கையைப் பிடித்துத் தாண்டவைத்தவர் அவர்தான். நான் தாண்டி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.